முதலில் காணி, பிறகு அனுமதி

இலங்கையில் புதிதாகத் தொழிற்சாலை கட்ட முனையும் எவரும் சொல்லும் முதல் முறைப்பாடு, ஏறி இறங்க வேண்டிய கந்தோர்கள் அதிகம் என்பதுதான். பிரதேச செயலகம், பிரதேச சபை, நகர அபிவிருத்தி அதிகாரசபை, மத்திய சுற்றாடல் அதிகாரசபை, கடலோரம் என்றால் கரையோரத்துக்குப் பொறுப்பான திணைக்களம், தொழிலாளர் பாதுகாப்புக்குத் தொழில் திணைக்களம், இணைப்புக்கு மின்சார சபை, வெளிநாட்டு முதல் வருகிறது என்றால் முதலீட்டுச் சபை. ஒவ்வோர் இடத்திலும் ஒரு கோவை, ஒரு கையெழுத்து, ஒரு காத்திருப்பு. எனவே 1978 தொடக்கம் ஆட்சிக்கு வந்த எல்லா அரசாங்கங்களும் ஒரே வாக்குறுதியைத் திரும்பத் திரும்பத் தந்து வந்திருக்கின்றன: எல்லா அனுமதியும் ஒரே கூரையின் கீழ், விரைவாக. முறைப்பாட்டில் உண்மை உண்டு. சிறிய தொழில் செய்பவருக்கு அந்த அலைச்சல் உண்மையான சுமை. ஆனால் திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றிக் கடந்த ஒரு நூற்றாண்டில் எழுந்த ஆலைகளையும் எழாமற்போன ஆலைகளையும் வரிசைப்படுத்திப் பார்த்தால், அனுமதிகள் கூடியதால் கெட்ட பெரிய திட்டம் ஒன்றைக் காட்டுவது கடினம். கெட்டவை எல்லாம் காணியில்தான் கெட்டன. யாருடைய நிலம், யாரைக் கேட்டு எடுத்தது என்ற கேள்வியை முதலில் தீர்க்காமல், அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, மேலே ஒப்பந்தங்களை அடுக்கியதுதான் இந்த மாவட்டத்தின் தொழில் வரலாற்றில் மீண்டும் மீண்டும் நடந்திருக்கிறது.

இதை விளங்கிக்கொள்ள, மூதூரிலோ கிண்ணியாவிலோ ஒருவர் சிறிய அரிசி ஆலை போட நினைத்தால் என்ன நடக்கும் என்று பார்த்தால் போதும். அவரிடம் கேட்கப்படும் முதல் கடதாசி காணி உறுதி. உறுதி இல்லையென்றால் அரச காணி அனுமதிப்பத்திரம். அதோடு நில அளவையாளர் கீறிய வரைபடம், கிராம சேவகரின் உறுதிப்படுத்தல். இவை இல்லாமல் பிரதேச சபையில் கட்டட வரைபடத்தைக் கையில் வாங்கவே மாட்டார்கள். அதன் பிறகுதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருவார். உமித் தூசும் புகையும் எந்தப் பக்கம் போகும், அயல்வீட்டார் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்பார்கள். சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரத்துக்கு 2008 ஆம் ஆண்டு வர்த்தமானி மூன்று வகுப்புகளை வைத்தது: கூடிய மாசு தரும் தொழில்களுக்கு ஆண்டுதோறும் புதுப்பித்தல், மற்றவற்றுக்கு மூன்று ஆண்டுக்கொரு முறை, மிகச் சிறியவற்றுக்கு உள்ளூராட்சி சபையே கொடுத்துவிடலாம். இந்த ஒழுங்கில் அலைச்சல் இருக்கிறது, ஆனால் நியாயமும் இருக்கிறது. காணி உன்னுடையதா என்பது முதல் கேள்வி. அயலாருக்குச் சம்மதமா என்பது அடுத்தது. இயந்திரமும் மின்சாரமும் அதன் பிறகு. திட்டம் பெரிதாகப் பெரிதாக இந்த வரிசை தலைகீழாகப் புரண்டுவிடுவதுதான் திருகோணமலையின் கதை.

அந்தப் புரட்டு எங்கே தொடங்கியது என்று தேடினால் பிரித்தானியக் கடற்படைக்குப் போய்ச் சேருவோம். 1795 இல் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைப் பிடித்த பிரித்தானியருக்கு இந்தத் துறைமுகம் வணிகத்துக்குரிய இடமாக ஒருபோதும் தோன்றவில்லை. கொழும்பில் அலைதடுப்புச் சுவர் கட்டி 1880களில் அதை வணிகத் துறைமுகமாக்கிய அதே அரசு, இயற்கையே கட்டித் தந்த ஆழ்துறைமுகத்தைப் போர்க்கப்பல்களுக்கென்று ஒதுக்கி வைத்தது. 1905 இல் செலவைக் குறைப்பதற்காக இங்கிருந்த கடற்படைத் தளத்தின் கப்பல் பட்டறையை மூடியபோதும் நிலத்தை விட்டுக்கொடுக்கவில்லை. இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் எழத் தொடங்கின. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீட்டர் கொள்ளக்கூடியது. 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் தாக்கியபோது ஒரு தாங்கி எரிந்து அழிந்தது. இன்று மிஞ்சியிருப்பவை 99. காட்டையும் கரையையும் சுற்றி வளைத்துப் படைக்கு எடுத்துக்கொள்ள எந்தச் சபையின் சம்மதமும் தேவைப்படவில்லை. ஒரு பேரரசின் பாதுகாப்பு என்ற ஒரே காரணம் போதுமாக இருந்தது. துறைமுகத்தைச் சூழ்ந்த நிலம் என்றால் அது மேலே இருப்பவர்கள் தங்களுக்குள் தீர்மானிக்கும் பொருள் என்ற பழக்கம் அப்போதே வேர்விட்டது. பின்னால் வந்த அரசுகள் கொடியை மாற்றின. பழக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டன.

எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவின் அரசாங்கம் 1957 ஒக்டோபரில் கடற்படைத் தளத்தைப் பொறுப்பேற்றது. அதே ஆண்டில்தான் இலங்கை கனிய மணல் கூட்டுத்தாபனமும் நிறுவப்பட்டது. மாவட்டத்தின் வடக்கே புல்மோட்டைக் கரையில் கிடக்கும் கறுத்த மணலில் இல்மனைற் செறிந்திருக்கிறது. கூடவே ரூட்டைலும் சிர்க்கோனும். உலகில் இவ்வளவு செறிவான கரைமணல் கிடைக்கும் இடங்கள் சொற்பம். அங்கே ஆலை வைக்க யாரிடம் அனுமதி கேட்பது என்ற பேச்சே எழவில்லை, ஏனென்றால் விண்ணப்பிப்பதும் அரசு, கொடுப்பதும் அரசு. கந்தளாயில் செக்கோஸ்லோவாக்கிய உதவியோடு 1960 அளவில் எழுந்த சீனி ஆலையும் அப்படித்தான். கூட்டுத்தாபனங்களின் அந்தக் காலத்தைப் பற்றி இன்று பெரும்பாலும் நட்டக் கணக்கைத்தான் பேசுகிறார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு: ஆலை வைப்பவனும் அதைக் கண்காணிப்பவனும் ஒருவனாகவே இருந்தபடியால், அந்த ஊர் மக்களிடம் கேட்பதற்கென்று ஒரு வழிமுறையை உருவாக்க வேண்டிய தேவை அரசுக்கு வரவேயில்லை. 1977க்குப் பின் தனியார் முதல் வந்தபோது கையில் இருந்தது இந்த வெற்றிடம்தான்.

விரைவான அனுமதிக்காக வாதாடுபவர்கள் எடுத்துக்காட்டாகச் சொல்வது அதற்குப் பிந்திய சில ஆண்டுகளை. 1977 இல் சிங்கப்பூரின் பிரீமா நிறுவனத்தோடு அரசு உடன்படிக்கை செய்தது. 1980 இல் சீனன்குடாவில் மாவாலை இயங்கத் தொடங்கிவிட்டது. அரசு கோதுமையைக் கொடுக்கும், ஆலை மாவாக்கித் தரும், தவிடு ஆலைக்குச் சேரும் என்பது அடிப்படை ஏற்பாடு. 1982 இல் யப்பானிய மிற்சுயி சுரங்க நிறுவனத்தின் பங்கோடு டோக்கியோ சீமெந்து நிறுவனம் பதிவானது. 1984 இல் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. கிளிங்கரை ஏற்றி வரும் கப்பல் நேரே ஆலையின் இறங்குதுறைக்கே வந்து நிற்கும். இரண்டும் இன்றும் ஓடுகின்றன. பல ஆயிரம் குடும்பங்களுக்கு நேரடியாகவும் மறைமுகமாகவும் சோறு போடுகின்றன. இதை மறுப்பதற்கில்லை, மறுக்கவும் கூடாது. ஆனால் மூன்று ஆண்டில் ஆலை எழுந்ததற்குக் காரணம் கடதாசி குறைவாக இருந்தது என்று சொல்வது பாதி உண்மைதான். அவை எழுந்த நிலம் பேரரசுக் கடற்படை ஏற்கெனவே வெறுமையாக்கி வைத்திருந்த துறைமுக நிலம். அங்கிருந்து எழுப்ப வேண்டிய குடும்பம் இல்லை, உழுதுகொண்டிருந்த வயல் இல்லை, உறுதி வைத்திருந்த உரித்தாளர் இல்லை. காணிக் கேள்வி இரண்டு தலைமுறைக்கு முன்பே, நியாயமோ அநியாயமோ, முடிந்துபோயிருந்தது. அந்த வசதி சீனன்குடாவுக்கு இருந்தது. மாவட்டத்தின் மற்றப் பக்கங்களுக்கு இருக்கவில்லை.

இதற்கிடையில் நாட்டின் சட்டமும் வளர்ந்தது. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்துக்கு 1988 இல் வந்த திருத்தம், குறித்துரைக்கப்பட்ட பெரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். 30 நாட்களுக்குள் யாரும் எழுத்தில் கருத்துச் சொல்லலாம். பெரிய ஆலை ஒன்றைப் பற்றிக் கிராமத்தில் உள்ள ஒருவர் சட்டப்படி வாய் திறக்க இந்த நாட்டில் கிடைத்த முதல் வாசல் அதுதான் என்று சொல்லலாம். எந்தெந்தத் திட்டங்களுக்கு அது பொருந்தும் என்ற பட்டியல் 1993 யூன் 24 வர்த்தமானியில் வெளிவந்தது. 25 மெகாவொட்டுக்கு மேற்பட்ட அனல்மின் நிலையம் அதில் உண்டு. 4 ஹெக்டேயருக்கு மேல் கடலையோ சதுப்பையோ மீட்பது உண்டு. 100 குடும்பங்களுக்கு மேல் அவர்களின் விருப்பமின்றி இடம் மாற்றும் திட்டங்களும் உண்டு. ஆனால் அந்தக் கடைசி வகைக்குப் பின்னால் ஒரு விலக்கு ஒட்டியிருக்கிறது: அவசர நிலைமைகளில் செய்யப்படும் இடமாற்றம் இதற்குள் அடங்காது. வெள்ளமோ மண்சரிவோ வந்தால் மக்களை அகற்ற அறிக்கை எழுதிக்கொண்டிருக்க முடியாது என்ற நல்ல நோக்கத்தில் எழுதப்பட்ட வரியாகத்தான் அது இருக்க வேண்டும். திருகோணமலை மாவட்டத்தில் அந்த வரி என்ன வேலை செய்தது என்பதைச் சம்பூரில் பார்க்கிறோம்.

கொட்டியாரக்குடாவின் தெற்குக் கரையில் இருப்பவை சம்பூர், கூனித்தீவு, கடற்கரைச்சேனை, நவரத்தினபுரம், சூடைக்குடா, இளக்கந்தை முதலிய ஊர்கள். வயலும் தோட்டமும் கடலும் சேர்ந்த வாழ்வு. சம்பூர் பத்திரகாளி அம்பாள் கோவிலை நடுவாகக் கொண்ட பழைய குடியிருப்பு. 2006 ஏப்ரலில் இங்கே குண்டு விழத் தொடங்கியதும் மக்கள் கிளம்பினார்கள். செப்ரெம்பர் 4 அன்று இராணுவம் சம்பூரைக் கைப்பற்றியது. அந்த ஆண்டு டிசெம்பரிலேயே, மக்கள் முகாம்களில் இருக்கும்போதே, இந்தியாவின் தேசிய அனல்மின் கழகமும் இலங்கை மின்சார சபையும் 500 மெகாவொட் நிலக்கரி மின் நிலையத்துக்கு உடன்பாடு செய்தன. இடமாகச் சம்பூர் தெரிவானது. 2007 மே 30 அன்று மூதூர் கிழக்கும் சம்பூரும் அவசரகால விதிகளின் கீழ் உயர் பாதுகாப்பு வலயம் ஆயின. ஊர் திரும்பும் வழி சட்டத்தாலேயே அடைபட்டது. இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். மக்களை வெளியேற்றியது மின் நிலையம் அல்ல, போர். ஆகவே மின் நிலையத்தின் ஆவணங்களில் அவர்கள் இடம்பெயர்க்கப்பட்டவர்களாக வரவேண்டிய அவசியமில்லை. திட்டம் வந்தபோது நிலம் வெறுமையாக இருந்தது. சீனன்குடாவில் 1930களில் பேரரசு செய்து வைத்ததை இங்கே போர் சில மாதங்களில் செய்து முடித்துவிட்டது என்று திட்டமிட்டவர்கள் கருதியிருந்தால், அவர்கள் கணக்குப் பிழைத்த இடம் இதுதான்: உறுதிகளை வைத்திருந்த மனிதர்கள் உயிரோடு இருந்தார்கள். கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் மணற்சேனையிலும் கட்டைப்பறிச்சானிலும் தகரக் கொட்டில்களில் இருந்துகொண்டு, தங்கள் நிலம் எதுவென்று ஏக்கர் கணக்கில் சொல்லக்கூடியவர்களாக இருந்தார்கள்.

போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. அவசரகாலச் சட்டம் 2011 ஓகஸ்டில் காலாவதியானது. உயர் பாதுகாப்பு வலயத்துக்கு இருந்த சட்டக் காரணம் அத்தோடு போய்விட்டது. அடுத்து நடந்ததுதான் தொழிற்சாலை அனுமதியின் வரலாற்றில் இந்த மாவட்டம் தரும் மிகக் கசப்பான பாடம். 2012 மே 17 அன்று ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச முதலீட்டுச் சபைச் சட்டத்தின் கீழ் வெளியிட்ட வர்த்தமானி, சம்பூரில் 818 ஏக்கரைப் பாரிய கைத்தொழில்களுக்கான விசேட வலயமாக அறிவித்தது. இலங்கை கேற்வே இன்டஸ்ரீஸ் என்ற நிறுவனத்துக்கு இடம் ஒதுக்கப்பட்டது. இரும்பு உருக்கு முதலிய கனரகத் தொழில்கள், நான்கு பில்லியன் டொலர் என்று பேசப்பட்ட முதலீடு. பாதுகாப்பு என்று எடுத்த நிலத்தைத் தொழில் என்று வைத்துக்கொண்டார்கள். முதலீட்டுச் சபை என்பது அனுமதிகளை இலகுவாக்குவதற்கென்று 1978 இல் பெரிய கொழும்புப் பொருளாதார ஆணைக்குழுவாகத் தொடங்கி 1992 இல் நாடு முழுவதற்குமாக விரிந்த அமைப்பு. ஒரே கூரை என்ற வாக்குறுதியின் உருவமே அதுதான். அந்தக் கூரைக்குக் கீழே ஒரு வர்த்தமானியில் ஒரு பிரதேசத்தின் காணிப் பிரச்சினை முழுவதையும் தீர்த்துவிட முடியும் என்று நம்பினார்கள். நிலத்தின் உரித்தாளர்களுக்கு அந்தக் கூரைக்குள் ஒரு கதிரைகூட இருக்கவில்லை.

விளைவு என்ன? மூன்று ஆண்டில் அங்கே உருக்காலை எதுவும் எழவில்லை. 2015 மே மாதத்தில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த வர்த்தமானியை இரத்துச் செய்தார். நிறுவனம் நீதிமன்றம் போனது. இடைக்காலத் தடை வந்து, பின்னர் நீங்கியது. 2015 ஓகஸ்ட் 22 அன்று 818 ஏக்கரும் மக்களிடம் கையளிக்கப்பட்டது. கடற்படை முகாம் இருந்த பகுதி அடுத்த ஆண்டில் விடுபட்டது. ஒன்பது ஆண்டு காடு மண்டிய நிலத்தில், கூரையும் சுவரும் இல்லாமல், கிணறு தூர்ந்த நிலையில் மக்கள் மீண்டும் கொட்டில் போட்டார்கள். ஒரு முதலீட்டாளரின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் இது தோல்விதான். அரசு தன் கையெழுத்தோடு கொடுத்த வலயம் அடுத்த ஆட்சியில் இல்லாமற்போகும் நாட்டில், அனுமதி எத்தனை நாளில் கிடைத்தது என்ற கணக்குக்கு என்ன பெறுமதி? விரைவாகக் கிடைத்த அனுமதி விரைவாகவே பறிபோகும். முதலீட்டாளருக்கு வேண்டியது விரைவைவிட நிலைப்பு, நிலைப்பு வருவது காணி தீர்ந்த இடத்தில்.

நிலக்கரி மின் நிலையத்தின் கதை இன்னும் நீளம். 2006 டிசெம்பரில் உடன்பாடு, 2011 இல் திருகோணமலை பவர் கம்பனி என்ற கூட்டு நிறுவனம், 2013 ஒக்டோபரில் மின் கொள்வனவு முதலிய ஒப்பந்தங்கள். ஏறத்தாழ 500 ஏக்கர் ஒதுக்கியாயிற்று. சுற்றாடல் தாக்க மதிப்பீடு மக்கள் பார்வைக்கு வந்தது இதற்கெல்லாம் பிறகு. அறிக்கையைத் திறந்து பார்த்த மீனவருக்கும் விவசாயிக்கும் முன்னால் இருந்த கேள்விகள் எளிமையானவை: கொட்டியாரக்குடாவின் நீரை உள்ளே எடுத்துச் சூடேற்றி வெளியே விட்டால் மீன் என்னாகும், சாம்பல் எங்கே கொட்டப்படும், அது எங்கள் வயலுக்கு எவ்வளவு தூரம். இந்தக் கேள்விகளுக்கு விடை தேடும் நேரத்தில் விலையும் பங்கும் நிலமும் முடிவாகியிருந்தன. கேட்பது சடங்காகிவிட்ட கட்டத்தில்தான் கேட்டார்கள். சுற்றாடல் அமைப்பொன்று உயர் நீதிமன்றம் போக, 2016 செப்ரெம்பரில் சட்டமா அதிபர் திணைக்களம், சம்பூரில் நிலக்கரி நிலையம் கட்டப்படாது என்று நீதிமன்றத்துக்குத் தெரிவித்தது. ஏறக்குறைய பத்து ஆண்டு. அந்தப் பத்தில் சுற்றாடல் அனுமதிக்குச் சென்றது சிறு பங்கு. மிச்சம் முழுவதும் அந்த அனுமதியை நெருங்கும் முன்பே கழிந்த காலம். தாமதத்துக்குச் சுற்றாடல் சட்டத்தைக் குற்றம் சொல்பவர்கள் இந்தத் திகதிகளை ஒரு முறை எழுதிப் பார்க்க வேண்டும்.

போர் நடந்த ஒரு மாவட்டத்தைச் சாதாரண உதாரணமாக எடுக்கலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் இதே வரிசைப் பிழை போரே எட்டாத எப்பாவலையிலும் நடந்தது. அநுராதபுர மாவட்டத்தில் பொஸ்பேற்றுப் படிவை வெளிநாட்டு நிறுவனமொன்றுக்குக் கொடுக்க அரசு ஒப்பந்தம் தயாரித்தபோது, அங்கிருந்த சிங்கள விவசாயிகள் உயர் நீதிமன்றம் போனார்கள். 2000 ஆம் ஆண்டில் வந்த தீர்ப்பு, இயற்கை வளத்தை அரசு மக்களுக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கிறது என்று சொல்லி, முறையான ஆய்வும் சுற்றாடல் அனுமதியும் முடியும் முன் ஒப்பந்தம் செய்ய வேண்டாம் என்று தடுத்தது. முதலில் ஆய்வு, பிறகு ஒப்பந்தம் என்று நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் வரிசையை எழுதிக் கொடுத்து ஆறு ஆண்டுக்குப் பிறகுதான் சம்பூர் உடன்பாடு கையெழுத்தானது. எப்பாவலையில் விவசாயிகள் தங்கள் நிலத்தில் நின்றுகொண்டு வழக்குப் பேசினார்கள். சம்பூரில் நிலத்துக்கு வெளியே, முகாமிலிருந்து பேச வேண்டியிருந்தது. போர் செய்தது இந்த வித்தியாசத்தைத்தான். பிழை போருக்கு முன்பே இருந்தது.

என் வாதத்துக்கு எதிராக வைக்கக்கூடிய வலுவான சான்று சீனன்குடா எண்ணெய்க் குதம்தான். அங்கே இடம்பெயர்க்க எவரும் இல்லை. காணி 1930களிலேயே வெறுமையானது. பிறகேன் அந்தத் தாங்கிகள் துருப்பிடித்துக் கிடந்தன? 1960களின் தொடக்கத்தில் இலங்கை அரசு அவற்றைப் பிரித்தானியாவிடமிருந்து விலைக்கு வாங்கியது. 1987 யூலை 29 இந்திய இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதங்களில், குதத்தைச் சீரமைத்து இயக்குவது இரு நாடுகளின் கூட்டு முயற்சியாக இருக்கும் என்று எழுதப்பட்டது. 2003 இல் இந்திய எண்ணெய்க் கழகத்தின் துணை நிறுவனமான லங்கா ஐ.ஓ.சி. உள்ளே வந்தது, கீழ்க்குதத்தின் தாங்கிகளை இயக்கியது, ஆனால் முறையான குத்தகைப் பத்திரம் நெடுங்காலம் முடிக்கப்படாமலே இருந்தது. 84 தாங்கிகள் உள்ள மேற்குதம் காட்டுக்குள் மறைந்தது. 2022 சனவரி 6 அன்றுதான் பங்கீடு கையெழுத்தானது: 24 தாங்கி பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 லங்கா ஐ.ஓ.சிக்கு, 61 இரண்டும் சேர்ந்த புதிய நிறுவனத்துக்கு, அதில் 51 வீதம் கூட்டுத்தாபனத்துக்கு. கடிதத்திலிருந்து பங்கீட்டுக்கு 34 ஆண்டுகளுக்கு மேல். இந்தச் சான்று என் வாதத்தை உடைப்பதாக நான் நினைக்கவில்லை. இங்கேயும் நின்று போனது சுற்றாடல் அனுமதியிலோ பிரதேச சபையிலோ அல்ல. யாருக்கு உரிமை, எவ்வளவு காலத்துக்கு, எந்தப் பத்திரத்தின் மேல் என்ற பழைய கேள்வியில். நாட்டின் பாராளுமன்றத்துக்கும் தொழிற்சங்கங்களுக்கும் விளக்காமல் கடிதப் பரிமாற்றத்தில் தீர்த்துவிட நினைத்த விடயம், ஒவ்வொரு ஆட்சி மாற்றத்திலும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கியது. கந்தளாய்ச் சீனி ஆலையிலும் அதே நோய்தான்: 1993 இல் மூடிய ஆலையை மீண்டும் திறக்க எடுத்த முயற்சிகள் முதலீட்டாளருக்கும் அரசுக்கும் இடையிலான உரிமைத் தகராறில்தான் சிக்கின.

போட்டி என்ற வாதமும் உண்டு. வியட்நாமும் பங்களாதேசும் ஆலைகளை அழைத்துக்கொண்டிருக்கும்போது இலங்கை ஊர்க் கூட்டம் வைத்துக்கொண்டிருந்தால் முதல் வேறு நாட்டுக்குப் போய்விடும் என்கிறார்கள். வேலையில்லாத இளைஞர்கள் நிறைந்த மாவட்டத்தில் இந்தப் பேச்சு சும்மா தள்ளிவிடக் கூடியதல்ல. மூதூரிலும் வெருகலிலும் வளைகுடா நாடுகளுக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு இருக்கும் தாய்மாருக்கு ஓர் ஆலை என்ன அர்த்தம் தரும் என்பதை நன்கு அறிவேன். ஆனால் உலக வங்கி வெளியிட்டுவந்த தொழில் செய்யும் வசதிப் பட்டியலையே எடுத்துப் பாருங்கள். தரவுக் குளறுபடிகளால் 2021 இல் வங்கி அதைக் கைவிட்டது என்பதையும் நினைவில் வைத்தே சொல்கிறேன். 2020 அறிக்கையில் 190 நாடுகளில் இலங்கை 99 ஆம் இடம். கட்டட அனுமதியில் 66. காணி, சொத்துப் பதிவிலோ 138. கொழும்பை வைத்து அளந்த அந்தக் கணக்கிலேயே அனுமதியைவிடக் காணிதான் பெரிய முட்டுக்கட்டை. உறுதிகள் எரிந்தும் தொலைந்தும் போன, ஒரே துண்டுக்கு இரண்டு அனுமதிப்பத்திரம் வழங்கப்பட்ட, கச்சேரிப் பதிவேட்டுக்கும் நிலத்தின் உண்மைக்கும் பொருந்தாத கிழக்கில் அது எவ்வளவு மோசமாக இருக்கும் என்பதை ஊகிக்கச் சிரமமில்லை. முதலை ஈர்க்க உண்மையாகவே விரும்பும் அரசு காசு போட வேண்டிய இடம் நில அளவைத் திணைக்களமும் காணிப் பதிவகமும். கொழும்பில் இன்னொரு ஒற்றைச் சாளரம் திறப்பதால் மூதூரின் எல்லைக் கல் தன்னிடத்துக்குத் திரும்பி வராது.

சம்பூரின் வரலாறு 2016 இல் முடிந்துவிடவில்லை. நிலக்கரிக்கு ஒதுக்கிய நிலம் சூரிய மின்சாரத்துக்குத் திரும்பியது. 2022 மார்ச்சில் ஒப்பந்தம், 2025 ஏப்ரல் 5 அன்று இந்தியப் பிரதமரின் வருகையின்போது கொழும்பிலிருந்தே 120 மெகாவொட் நிலையத்துக்கான தொடக்க விழா. புகையும் சாம்பலும் இல்லாத திட்டம், வரவேற்க வேண்டியது. ஆனால் அதே 2025 இல் துறைமுகத்துக்கு அண்மையில் முத்துநகர் விவசாயிகள் மாவட்டச் செயலகத்தின் முன் நாள்கணக்காக அமர்ந்திருந்தார்கள். அவர்கள் விதைத்துவந்த வயல் துறைமுக அதிகாரசபையின் பெயரில் இருக்கிறது. அது சூரிய மின் கம்பனிகளுக்குக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டது. பதிவேட்டில் அதிகாரசபை, வயலில் விவசாயி. மின்னுற்பத்தி முறை மாறிவிட்டது, காணியை எடுக்கும் முறை மாறவில்லை. சூரியத் தகடு தூய்மையானது என்பதால் அதன் கீழுள்ள நிலமும் தகராறற்றதாகிவிடும் என்று கருதுவது, 1977 இன் மாவாலையைப் பார்த்துச் சம்பூரைத் திட்டமிட்ட அதே கணக்கு.

செய்ய வேண்டியவை புதிய தத்துவங்கள் அல்ல. அரிசி ஆலைக்காரரிடம் கேட்பதைக் கம்பனியிடமும் கேட்க வேண்டும். முதலீட்டுச் சபையும் துறைமுக அதிகாரசபையும் ஓர் ஏக்கரை ஒதுக்கும் முன், அந்த நிலத்தில் யார் குடியிருக்கிறார், யார் பயிர் செய்கிறார், யாருடைய கையில் என்ன கடதாசி இருக்கிறது என்று பிரதேச செயலகம் அளந்து எழுதி, தமிழிலும் சிங்களத்திலும் ஊரில் ஒட்டி, ஆட்சேபங்களைக் கேட்டு முடித்திருக்க வேண்டும். மாகாண சபைக்கும் பிரதேச சபைக்கும் அந்த மேசையில் இடம் வேண்டும். கிழக்கு மாகாண சபை தேர்தலின்றி 2017 இலிருந்து வெறுமையாகக் கிடப்பதும் இந்தக் குறையின் ஒரு பகுதியே. 1993 ஆம் ஆண்டு வர்த்தமானியின் அந்த விலக்கும் திருத்தப்பட வேண்டும். அவசர நிலையில் மக்களை அகற்றலாம். ஆனால் அவசரம் தீர்ந்த பிறகும் அதே நிலத்தில் ஒரு திட்டம் வருமானால், முன்னர் அகற்றப்பட்ட குடும்பங்கள் அத்தனையும் அந்தத் திட்டத்தால் இடம்பெயர்ந்தவர்களாகவே எண்ணப்பட்டு, சுற்றாடல் தாக்க மதிப்பீட்டுக்குள் வர வேண்டும். சம்பூர் மக்கள் 2006 இலிருந்து 2015 வரை எந்தச் சட்டத்தின் கணக்கிலும் வராமல் இருந்ததற்கு வழிவிட்ட வரி அது. அதை மாற்றத் தேவைப்படுவது சுற்றாடல் அமைச்சரின் கையெழுத்துள்ள ஒரு புதிய வர்த்தமானி மட்டும்தான்.